மேனேஜருக்கு ஒரு தனித் தொட்டி

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் ஒரு அறை உண்டு. அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, நீராவியில் வேகவைத்து, துணியில் மூட்டை கட்டி மேலே அனுப்புகிற அறை. அதில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்ப்பவள் அவள். மேல் மாடிகளில் இருப்பவர்களுக்கு அவளுடைய பெயர் தெரியாது. நீராவியக்கா என்றால் தெரியும். கத்தரிக்கோலின் கீல் இடுக்கில் ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் தட்டு முழுவதையும் திருப்பி எடுத்துக்கொள்வாள். "இவங்க கையில பச்சைக் குழந்தையைக் குடுத்தாலும் வேகவெச்சுத்தான் திருப்பித் தருவாங்க" என்று ஒரு டாக்டர் சலித்துக்கொண்டார். அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

அப்படிப்பட்டவள்தான் வீட்டுக்குள் நோயைக் கொண்டுவந்தாள்.

கணவர் கப்பலில் எலக்ட்ரீஷியன். வருடத்தில் எட்டு மாதம் தண்ணீரில் இருப்பவர், மீதி நான்கு மாதமும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஹாலில் ஒரு கடல் மீன் தொட்டி வைத்திருந்தார். ஐந்து மீன்கள், கொஞ்சம் பவளம், இரண்டு இறால். அவர் இல்லாதபோது தீனி போடுவது, தண்ணீர் வற்றினால் ஊற்றுவது எல்லாம் அவள் பொறுப்பு. இந்தத் தடவை அவர் திரும்பி வரும்போது கண்ணில் படட்டும் என்று கடைத்தெருவில் ஒரு நீல மீனை வாங்கிவந்து, கொஞ்ச நாள் தனியாக வைத்துப் பார்க்காமல் நேராகத் தொட்டியில் விட்டாள். பளபளவென்றுதான் இருந்தது. நான்காம் நாள் அதன் மேல் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். பன்னிரண்டாம் நாளுக்குள் ஆறு மீன்களில் ஐந்து போய்விட்டன.

போனில் சொன்னபோது கணவர் மிஞ்சியது எது என்று மட்டும் கேட்டார். பிறகு, "பரவாயில்ல விடு" என்றார்.

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். இந்தப் பரவாயில்லையை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. வேலைக்குப் போகும்போதும் கூடவே வந்தது. மூட்டைகளின் மேல் ஒட்டுகிற நாடாவில், நீராவி சரியாகப் பட்டிருந்தால் கோடுகள் கறுக்கும். கறுத்தால் சுத்தம், இல்லையென்றால் இல்லை. அந்தக் கறுத்த கோடுகளைப் பார்க்கும்போதெல்லாம், 'நீ பார்க்காமல் விட்டவள்தானே' என்று அவை தன்னைக் கேட்பதுபோல் இருந்தது.

மிஞ்சியது ஒரு கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை. வேலை எதுவும் செய்யாமல் ஒரு மூலையில் நின்றுகொண்டு போகிற வருகிறவர்களை முறைப்பதால் கணவர் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தார். மேனேஜரின் வாலிலும் புள்ளிகள் இருந்தன. எத்தனை என்று எண்ண முடியவில்லை. வெள்ளைப் பட்டையின் மேல் வெள்ளைப் புள்ளி விழுந்தால் யார் கண்டார்கள்?

"அவன உடனே தனித் தொட்டிக்கு மாத்தணும்" என்றார் கணவர். "பெரிய தொட்டியில செம்பு மருந்து ஊத்த முடியாது, பவளமும் இறாலும் செத்துடும். அவன் போனப்புறம் ரெண்டரை மாசம் அதுல மீனே இருக்கக் கூடாது. அப்பத்தான் அந்தப் புள்ளி போடற பூச்சி பட்டினி கிடந்து ஒழியும். நம்ம பழைய கடைக்காரரப் பாரு, எல்லாம் சொல்லுவார்."

கடைக்காரர் இரண்டு தெரு தள்ளி இருந்தார். கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. மீன் விற்கிறவர் என்றாலும், மீன் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேரிடம் வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறவர். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் யார் கடையில் வாங்கினாய் என்றுகூடக் கேட்கவில்லை. நாற்பது லிட்டர் கண்ணாடித் தொட்டி, ஒரு ஹீட்டர், காற்று மோட்டார், அதோடு இணைக்கிற பஞ்சு ஃபில்டர், மேனேஜர் ஒளிந்துகொள்ள இரண்டு துண்டு பிளாஸ்டிக் குழாய் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"மணல், கல்லு ஒண்ணும் போடாதீங்க, மருந்த உறிஞ்சிடும். ஆனா தொட்டி வெச்ச உடனே மீன விட்றாதீங்க. முதல்ல சைக்கிள் ஆகணும்."

"அப்படின்னா?"

"மீனோட கழிவுல அமோனியா வரும். அது விஷம். அதத் தின்ன ஒரு கிருமி இருக்கு. அது தின்னுட்டு விடறது இன்னொரு விஷம். அதத் தின்ன இன்னொரு கிருமி. ரெண்டும் தொட்டியில குடி வந்தாத்தான் மீன் பிழைக்கும். மூணு வாரம் ஆகும், ஆறு வாரமும் ஆகலாம்."

"அதுவரைக்கும் இவன் தாங்குவானா?"

"அது அவனத்தான் கேக்கணும்."

"பெரிய தொட்டியில அந்தக் கிருமி இருக்குமே, அங்கிருந்து எடுத்துக்கலாமா?"

"எடுக்கலாம். நோயும் கூடவே வரும். வேண்டாம், சுத்தமா ஆரம்பிங்க." பாட்டிலில் அடைத்த கிருமியை அவள் கையில் கொடுத்தார். அதை அவள் விரல் நுனியால் வாங்கிக்கொண்டாள். கிருமியைக் காசு கொடுத்து வாங்கியது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

வீட்டில் அப்போது கணவரின் அக்கா இருந்தாள். தையல் கடை வைத்திருப்பவள், கடைப் படியில் வழுக்கி விழுந்து கணுக்காலில் கட்டுப் போட்டு, தம்பி வீட்டு சோபாவில் காலை ஸ்டூலில் நீட்டியபடி ஆறு வாரம் உட்கார வேண்டியவள். உட்கார்ந்த இடத்திலேயே பொத்தான் துளை தைத்துக்கொண்டிருப்பாள். புதுத் தொட்டி அவளுக்கு நேர் எதிரே வந்தது.

"மீனே இல்ல, எதுக்கு ஹீட்டரு?"

"அது கிருமிக்கு அண்ணி."

"கிருமிக்கு ஹீட்டரா! நான் காலு உடைஞ்சு கிடக்கறேன், எனக்கு ஒரு ஒத்தடம் கிடையாது. அது என்ன பாட்டில்ல?"

"அமோனியா. தினம் சொட்டுச் சொட்டா விடணும். கிருமிக்குச் சாப்பாடு."

அண்ணி ஊசியைக் கீழே வைத்தாள். "ஏம்மா, ஆஸ்பத்திரில கொன்னது போதாதுன்னு வீட்டுல வளக்க ஆரம்பிச்சுட்டியா? பிராயச்சித்தமா?"

சிரிப்பதற்காகச் சொன்னதுதான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அது உண்மையாகவும் இருக்கலாம் என்று பட்டது.

சொன்னதைச் சொன்னபடி செய்வதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. ஒரு நோட்டில் கோடு போட்டாள். காலை ஐந்தரைக்கு வெப்பம், உப்பளவு. பிறகு கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, ஐந்து நிமிஷம் கழித்து அட்டையோடு வைத்துப் பார்ப்பாள். மஞ்சள் என்றால் அமோனியா இல்லை. பச்சை ஏற ஏற விஷம் அதிகம். அமோனியா விட்ட மறுநாள் பச்சை குறைந்து மஞ்சளுக்குப் போனால் கிருமி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

முதல் நாள் பச்சை. இரண்டாம் நாள் பச்சை. ஏழாம் நாளும் பச்சை.

இது என்ன பச்சை, அட்டையில் மூன்றாவதா நான்காவதா என்பதே அவளுக்குப் பிடிபடவில்லை. ஜன்னலோரம் பார்த்தால் ஒன்று, விளக்கடியில் பார்த்தால் ஒன்று. அவளுடைய நாடா ஒருநாளும் இப்படி இழுத்தடித்ததில்லை. கறுக்கும், அல்லது கறுக்காது.

இதற்கு நடுவே ஆறாம் நாள் மேனேஜரின் உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. சந்தோஷத்தில் கடைக்கு ஓடினாள்.

"போயிடுச்சு அண்ணே! தானாவே போயிடுச்சு!"

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போகலம்மா. மீன விட்டுக் கீழ விழுந்து, அங்க ஒட்டிக்கிட்டு, ஒண்ணு நூறா ஆகும். அப்புறம் திரும்ப ஏறும்."

"அப்போ புள்ளி இருந்தாலும் நோயி, இல்லாட்டியும் நோயி?"

"ஆமா."

"அப்புறம் எதப் பாத்து நல்லாயிருக்குன்னு தெரிஞ்சுக்கறது?"

அவர் துடைத்த மூக்குக்கண்ணாடியையே மறுபடி துடைத்தார். அந்தக் கேள்வி மீனோடு நிற்கிற கேள்வியாக அவருக்கும் படவில்லை போலிருக்கிறது.

பத்தாம் நாள் புள்ளிகள் திரும்பி வந்தன, அவர் சொன்னபடியே கூட்டமாக. நோட்டில் பச்சை, பச்சை, பச்சை. இரண்டாவது பாட்டில் கிருமி வாங்கினாள். முதல் பாட்டில் கெட்டுப்போனதோ என்று சந்தேகம். பதினைந்தாம் நாளும் பச்சைதான். அமோனியாவை அதிகமாக விடுகிறோமோ? சொட்டு குறைத்தாள். ஹீட்டர் பொய் சொல்கிறதோ? வேறொரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் நடக்காமலிருப்பதைப்போல் மனிதரைக் குழப்புவது வேறில்லை. தப்பு எங்கே என்று தெரிந்தால் அங்கே கை வைக்கலாம். இங்கே கை வைக்க இடமே இல்லை.

வேலையில் ஒருநாள், மூட்டை கட்டி முடித்த தட்டு ஒன்றை மறுபடி பிரித்து, மறுபடி கழுவினாள். பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்: "அக்கா, அது இப்பத்தானே முடிச்சீங்க?"

"முடிச்சேனா?"

"நாடா கறுத்திருக்கே, பாருங்க."

"கறுத்தா சுத்தமா?" என்றாள், யாரிடமோ கேட்பவள்போல.

பதினெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கடைக்காரருக்கே இது என்ன கூத்து என்று ஆகிவிட்டது. தன்னுடைய சொந்தச் சோதனைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தொட்டி முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து சோதித்தார். பச்சை. குழாயை விளக்கில் பிடித்துப் பார்த்தார். பிறகு கையைத் தண்ணீரில் விட்டுப் பஞ்சை எடுத்து அழுத்தினார்.

"இது புதுசா மாத்தினீங்களா?"

"இல்லையே, முதல் நாள் போட்டதுதான்."

"பதினெட்டு நாள் ஆன பஞ்சு மாதிரி இல்லையே. இப்பத்தான் பாக்கெட் பிரிச்ச மாதிரி இருக்கு." அவர் நிமிர்ந்தார். "தினமும் என்னென்ன பண்றீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

நோட்டை எடுத்துவந்து படித்தாள். வெப்பம், உப்பளவு, சொட்டு, நிறம். ஒன்றும் விடவில்லை. சோபாவிலிருந்த அண்ணி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்:

"குளிப்பாட்டறத விட்டுட்டியே."

"எத?"

"அதத்தான். அந்தப் பஞ்ச."

"யாரு குளிப்பாட்டறா?"

"வேற யாரு, நானா? இந்தக் கால வெச்சுக்கிட்டா? சாயங்காலம் வர்ற, பையக் கீழ வைக்கற, நேரா போய்ப் பஞ்ச எடுத்துட்டுப் போயி வெந்நீர்ல போட்டுத் தேய்க்கற. பழைய பல்லு பிரஷ் வேற. எனக்குக் கட்டுப் போட்ட நர்ஸுகூட என் கால அவ்வளவு பாசமாத் தொடல."

"நானா?"

"ஐயோ, இவளுக்கே தெரியல பாருங்க!" என்றாள் அண்ணி கடைக்காரரிடம்.

தெரியத்தான் இல்லை. நின்று யோசித்தாள். தொட்டியைச் சரிபார்க்கும்போது பஞ்சின் மேல் விரல் படும். அங்கே மெல்லிய வழவழப்பு இருக்கும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பது நினைவில் இல்லை. ஈரக் கையைத் துண்டில் துடைப்பதுதான் நினைவில் இருந்தது. வேலையில் சேர்ந்த முதல் வாரம் சொல்லிக்கொடுத்தது அது: வழவழப்பு இருந்தால் அதற்குள் ஒரு ஊரே குடியிருக்கிறது, எந்த மருந்தும் உள்ளே போகாது, தேய்த்தே ஆக வேண்டும். அன்றிலிருந்து தலை அதை மறந்துவிட்டது. கை வைத்துக்கொண்டது. கண் இமைத்ததை யாரும் நோட்டில் எழுதுவதில்லை, அதுபோல இதையும் அவள் எழுதவில்லை.

கடைக்காரர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு பாட்டிலு" என்றார். பிறகு மெதுவாக, "அந்த வழவழப்புதாம்மா நமக்கு வேணும். அதுக்குள்ளதான் அதுங்க இருக்கு. அதுதான் தொட்டி. மத்ததெல்லாம் வெறும் கண்ணாடி."

"அண்ணி, நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்களே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"மீன் இல்லாத தொட்டிக்கு ஹீட்டர் போடறே, கிருமிக்குச் சோறு ஊட்டறே. இதுல நீ பஞ்சக் குளிப்பாட்டினா அது மட்டும் தப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அதில் தப்பு சொல்ல முடியாது.

கடைக்காரர் எழுந்து பெரிய தொட்டிப் பக்கம் போனார். மேனேஜர் தன் மூலையில் இல்லை. மேலே, காற்றுக் குமிழி வெடிக்கிற இடத்தில் சாய்ந்து நின்று, செவுளை அடித்துக்கொண்டிருந்தது. முறைக்கவும் இல்லை.

"இனிமே பஞ்ச விட்டுட்டாலும் மூணு வாரம் ஆகும். இவனுக்கு மூணு நாளே அதிகம்."

"இப்பவே அங்க மாத்திட்டா?"

"அங்க அமோனியா இருக்கே."

"தண்ணி முழுக்க மாத்திட்டா?"

"இன்னைக்கு இருக்காது. நாளைக்கு இவன் கழிவுலயே வந்துடும்."

"நாளைக்கு பாதித் தண்ணி மாத்தினா?"

"தினமுமா? உப்புக் கலக்கணும், சூடு சரியா இருக்கணும், புதுத் தண்ணியிலயும் மருந்து அதே அளவு இருக்கணும். ஒரு நாள் தவறினா போச்சு."

"கிருமி வேலைக்கு வர்ற வரைக்கும் அதோட ஷிப்டையும் நானே பாத்துக்கறேன்."

கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். புகழ்ந்து பேசிப் பழக்கமில்லாதவர். "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, செம்பு கலந்த மருந்தை எப்படி மூன்று நாளில் படிப்படியாக ஏற்றுவது என்று எழுதிக் கொடுத்தார்.

அன்று மாலையே மேனேஜர் வீடு மாறியது. பிளாஸ்டிக் குழாய்க்குள் போய் வாலை மட்டும் வெளியே வைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் குளியலறையில் எப்போதும் இரண்டு பக்கெட் உப்புத் தண்ணீர் நின்றது. காலையில் எழுந்து கலக்குவாள், சூடு பார்ப்பாள், மருந்து அளப்பாள், இருபது லிட்டரை உறிஞ்சி எடுத்து இருபது லிட்டரை ஊற்றுவாள். பிறகு வேலைக்குப் போய் எட்டு மணி நேரம் கிருமிகளைக் கொல்வாள். சாயங்காலம் திரும்பி வந்து, இன்னும் வராத கிருமிகளுக்காகக் காத்திருப்பாள். இந்த இரண்டு பேரும் ஒரே ஆள்தானா என்று பஸ்ஸில் நின்றுகொண்டு யோசித்திருக்கிறாள். விடை கிடைத்ததில்லை. இறங்கும் இடம்தான் வந்துவிடும்.

கை மட்டும் அடங்கவில்லை. தொட்டிப் பக்கம் போனாலே சோபாவிலிருந்து குரல் வரும்.

"கைய எடு."

"வெப்பம்தான் பாக்கறேன் அண்ணி."

"வெப்பம் கண்ணால பாக்கறது. கைக்கு அங்க என்ன வேலை? பின்னால கட்டு."

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பாள். பஞ்சு பழுப்பேற ஆரம்பித்திருந்தது. பார்க்கவே கூசியது. அதை அப்படியே விடுவது, விடுவதென்றால் சும்மா இருப்பதுதான், அவள் செய்த வேலைகளிலேயே கடினமான வேலையாக இருந்தது.

வீடு மாறிய ஐந்தாம் நாள் மேனேஜர் ஒரு துணுக்குத் தீனி தின்றது. ஒன்பதாம் நாள் புள்ளிகள் இல்லை. அதை அவள் நம்பவில்லை. நம்பக்கூடாது என்று கற்றுக்கொண்டிருந்தாள்.

இருபத்தோராம் நாள் காலை, தண்ணீர் மாற்றுவதற்கு முன் வழக்கம்போல் சோதித்தாள். குழாயில் மஞ்சள்.

குழாயில் மருந்துச் சொட்டு விட மறந்துவிட்டோமோ என்று மறுபடி செய்தாள். மஞ்சள். மருந்துச் சொட்டு காலாவதியாகிவிட்டதோ என்று, ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரில் அமோனியாவை ஒரு சொட்டு விட்டு அதைச் சோதித்தாள். பளிச்சென்று பச்சை. அப்படியானால் சொட்டு சரி. மூன்றாம் தடவை தொட்டித் தண்ணீரை எடுத்தாள். மஞ்சள்தான்.

கலக்கி வைத்த பக்கெட் ஒன்று கையில் இருந்தது. அதை ஊற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"என்ன, போயிட்டானா?" என்று அண்ணி பயந்துபோய்க் கேட்டாள். கட்டுப் பிரித்து நான்கு நாளாகியும் அந்த சோபாவை விட்டுப் போக மனமில்லாமல் இருந்தாள்.

"இல்ல அண்ணி. வந்துட்டாங்க."

"யாரு?"

"ஷிப்டுக்கு ஆள் வந்துட்டாங்க."

"அப்போ நீ போயிப் படு" என்றாள் அண்ணி.

ஆனால் ஒரு நாள் மஞ்சளை வைத்து முடிவு செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. மறுநாளும் தண்ணீர் மாற்றாமல் பார்த்தாள், அதற்கு மறுநாளும். மஞ்சள். மூன்றாம் நாள் கணவர் போன் செய்தார்.

"எப்படி இருக்கான் மேனேஜர்?"

"தெரியல. நல்லா இருக்கற மாதிரி இருக்கு. மறுபடி முறைக்கறான்."

"ஆறு வாரம் ஆச்சே, தொட்டி இவ்வளவு லேட்டா சைக்கிள் ஆனது ஏன்னு கடைக்காரர் சொன்னாரா?"

அண்ணி தலையைத் தூக்கிப் பார்த்தாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். பாட்டில் சரியில்லை என்று சொன்னாலும் அவர் நம்பியிருப்பார்.

"நான்தான். தினமும் பஞ்ச வெந்நீர்ல தேச்சுக் கழுவிட்டு இருந்தேன். பதினெட்டு நாளு. பண்றேன்னே எனக்குத் தெரியல."

இன்னொரு பரவாயில்லைக்காக அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பஞ்சயா?" என்றார் அவர். "வெந்நீர்லயா? அறிவிருக்கா உனக்கு? இருபது வருஷமா ஆஸ்பத்திரில என்னத்தக் கத்துக்கிட்ட? அந்த நீல மீனையும் இப்படித்தான் யோசிக்காம கொண்டுவந்து விட்ட! என் நாலு மீனு! அந்த மஞ்சள் மீன் எட்டு வருஷம் என்கூட இருந்துது தெரியுமா?"

"தெரியும்."

"என்ன தெரியும்!"

அவர் இன்னும் ஐந்து நிமிஷம் திட்டினார். கப்பலின் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தினார். அண்ணி, "குடு, நான் பேசறேன் அவன்கிட்ட" என்று கையை நீட்டினாள். அவள் கொடுக்கவில்லை. சுவரில் சாய்ந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள். ஒன்றரை மாதமாகக் கூடவே வந்த அந்தப் பரவாயில்லை ஒருவழியாக இறங்கிப் போனதுபோல் இருந்தது. திட்டு வாங்கினால் எப்படி மனசு லேசாகும் என்பது அவளுக்கு விளங்கவில்லை. விளங்காதவற்றின் பட்டியலில் அதையும் சேர்த்துக்கொண்டாள்.

"இருக்கியா?" என்றார் அவர், மூச்சு வாங்கியபடி.

"இருக்கேன். சொல்லுங்க."

எதிரே மேனேஜர் குழாயிலிருந்து வெளியே வந்து, பழுப்பேறிய பஞ்சின் பக்கத்தில் நின்று அவளை முறைத்தது. உடம்பில் புள்ளி எதுவும் இல்லை. அவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டு, காலியான வலது கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.